முந்நூற்றி நாலு ஆடிய கையால் போக்கர்: 40 டொலரோடு தொடங்குபவருக்கு

கையில் ஜாக்கும் ஒன்பதும் வந்தால் உங்களுக்கு மனம் துள்ளுகிறதா? அப்படியென்றால் நீங்கள் நம்ம ஊர் வாசிகசாலைத் திண்ணையில் முந்நூற்றி நாலு என்ற காட்ஸ் விளையாட்டை ஆடி வளர்ந்த ஆள்தான், சந்தேகமில்லை. அங்கே ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, கிங்குக்கு 3, குயினுக்கு 2, ஒரு இனத்துக்கு 76, நாலு இனமும் சேர்ந்தால் 304. இந்தக் கணக்கு இரத்தத்தில் ஊறிப்போயிருக்கும். போக்கருக்கு வந்தால் முதலில் காசைத் தின்பது இந்தத் துள்ளல்தான், ஏனென்றால் இங்கே ஜாக்கும் ஒன்பதும் சுமாரான கை, அநேகமான நேரம் பேசாமல் கீழே வைத்துவிட வேண்டிய கை.

நான் பெரிய ஆட்டக்காரன் இல்லை. பகலில் ஒரு ரியூட்டரியில் கணக்குப் படிப்பிக்கிறேன், வாரத்தில் மூன்று நாலு இரவு ஒன்லைன் போக்கரில் இரண்டு சத மேசையில் இருப்பேன். முதல் இரண்டு தடவையும் போட்ட காசு முழுதும் போனது, மூன்றாம் தடவைதான் கொஞ்சம் நின்று பிடித்தது. அந்த இரண்டு தடவையும் நான் செய்த மடைத்தனத்தை நீங்களும் செய்யாமல் இருப்பதற்குத்தான் இதை எழுதுகிறேன். இதிலிருந்து சம்பாதிக்கலாம் என்ற எண்ணத்தோடு வந்திருந்தால் கீழே ஒரு பிளேன்ரீக் கணக்கு வரும், அதை மட்டுமாவது வாசித்துவிட்டுப் போங்கள்.

ஆட்டம்

எல்லா இடத்திலும் ஆடப்படுவது டெக்சாஸ் ஹோல்டெம். 52 சீட்டு, ஒவ்வொருவருக்கும் இரண்டு மறைசீட்டு, பிறகு மேசையில் பொதுவாக மூன்று (ஃப்ளொப்), பிறகு ஒன்று (டேர்ன்), கடைசியில் ஒன்று (ரிவர்). ஏழில் சிறந்த ஐந்துதான் உங்கள் கை. மறைசீட்டைப் பார்த்ததும் ஒரு பந்தயச் சுற்று, பிறகு மேசையில் சீட்டு விழும் ஒவ்வொரு தடவையும் ஒன்று, மொத்தம் நாலு. சோடி, இரண்டு சோடி, ஒரே இலக்கம் மூன்று, ஸ்ட்ரெய்ட், ஃப்ளஷ், ஃபுல் ஹவுஸ், ஒரே இலக்கம் நாலு, ஸ்ட்ரெய்ட் ஃப்ளஷ் என்று கீழிருந்து மேலாக வரிசை. ஒன்றுமே சேராவிட்டால் பெரிய சீட்டு பேசும். இதை ஒரு துண்டில் எழுதி மொனிட்டரில் ஒட்டிவிடுங்கள், ஒரு கிழமையில் தேவைப்படாது.

முந்நூற்றி நாலு ஆடியவருக்கு இதில் ஒரு வசதி உண்டு. அங்கே முதல் நாலு சீட்டைப் பார்த்தே 160இலிருந்து கேட்கத் தொடங்குகிறோம், மிச்ச நாலும் துரும்பு வைத்த பிறகுதான் வருகிறது. பாதி தெரிந்து, பாதி தெரியாமல் விலை சொல்லும் அந்தப் பழக்கம் போக்கருக்கு அப்படியே பொருந்தும். கீழே விழுந்த சீட்டை ஞாபகம் வைப்பதும், எதிராளி ஏன் இப்போது இதைப் போட்டான் என்று யோசிப்பதும் உங்களுக்குப் புதிதில்லை.

பொருந்தாதது ஒன்று இருக்கிறது. முந்நூற்றி நாலில் கிடைத்த கையை ஆடித்தான் தீரவேண்டும், எட்டுச் சீட்டும் விழுந்து முடியும்வரை எழும்ப ஏலாது, எழும்பினாலும் உங்கள் பக்கத்து ஆள் விடமாட்டார். போக்கரில் எழும்பலாம். எழும்பத்தான் வேண்டும். ஆறு பேர் மேசையில் நூறு கை வந்தால் எண்பது கைக்கு மேல் காசு போடாமலே கீழே வைத்துவிடுபவர்தான் நிதானமான ஆட்டக்காரர். இதை ஃபோல்ட் என்பார்கள். எனக்கு இது பழக மூன்று மாதம் பிடித்தது, ஏனென்றால் காட்ஸ் விளையாட வந்துவிட்டு விளையாடாமல் இருப்பது நம்ம ஆட்களுக்கு மானப் பிரச்சினை மாதிரி.

காசு போடுவதற்கு முன்

சட்டத்தை முதலில் பாருங்கள். 1889ஆம் ஆண்டிலேயே இலங்கையில் சூதாட்டத்துக்கு ஒரு கட்டளைச் சட்டம் வந்துவிட்டது, கசினோக்களுக்கு 2010இல் தனிச் சட்டம் வந்தது, 2025இல் சூதாட்ட ஒழுங்குமுறை அதிகார சபையை உருவாக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது, ஒன்லைன் சூதாட்டமும் அந்தச் சபையின் கண்ணுக்குள் வருகிறது. விதிகள் மாறிக்கொண்டிருக்கும் காலம் இது. ஆகவே நீங்கள் காசு போடப்போகும் நாளில் என்ன அனுமதி, என்ன தடை என்று பார்த்துவிட்டுப் போடுங்கள், அனுமதி இல்லையென்றால் இலவசச் சிப்ஸோடு நில்லுங்கள். 18 வயது ஆகாதவர் இந்தப் பக்கமே வரவேண்டாம்.

தளம் இலங்கையிலிருந்து ஆட்டக்காரரை ஏற்கிறதா என்பதை அதன் விதிகளிலேயே வாசியுங்கள். ஏற்காவிட்டால் அங்கே போகாதீர்கள். விபிஎன் போட்டு வேறு நாட்டு ஆள் மாதிரி நுழையலாம் என்று யாராவது சொல்வார்கள், நுழையவும் முடியும், வென்ற காசை எடுக்கப் போகும்போதுதான் பிடிப்பார்கள், கணக்கை மூடி மிச்சத்தையும் வைத்துக்கொள்வார்கள், முறையிட உங்களுக்கு வாயிருக்காது. கனடாவில் இருக்கும் மச்சானின் பெயரில் கணக்குத் திறந்து இங்கே இருந்து ஆடுவதும் இதே கதைதான். அதைவிட மோசம், வட்ஸ்அப்பில் வரும் ஏஜென்ட். ‘அண்ணை, காசை எனக்குப் போடுங்கோ, சிப்ஸ் நான் போட்டு விடுறன்’ என்பார். ஏதோ ஒரு செயலி, ஏதோ ஒரு கிளப், உரிமமும் இல்லை, பற்றுச்சீட்டும் இல்லை. ஒருநாள் காலையில் நம்பரே இருக்காது.

பெரிய தளமென்றாலும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். 2011 ஏப்ரல் 15ஆம் திகதி அமெரிக்க அரசு மூன்று பெரிய போக்கர் தளங்கள் மீது வழக்குப் போட்டபோது, அவற்றில் ஒன்றான ஃபுல் டில்ட் ஆட்டக்காரர்களின் காசைத் தனியாக எடுத்து வைக்கவில்லை என்பது பிறகு வெளியே வந்தது. 2012இல் போக்கர்ஸ்டார்ஸ் அதை வாங்கிய பிறகுதான் சனங்களுக்குக் காசு திரும்பத் தொடங்கியது. ஆகவே ஆட்டக்காரர் காசை கம்பனிக் காசிலிருந்து பிரித்து வைக்கிறார்களா என்பதை விதிகளில் தேடிப் பாருங்கள். தேவைக்கு மேல் ஒரு சதமும் அங்கே கிடக்கவிடாதீர்கள்.

பதியும்போது பெயர் விஷயத்தில் கவனம். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நமக்குத் தகப்பன் பெயர் முன்னுக்கு, சொந்தப் பெயர் பின்னுக்கு. தளம் கேட்பதோ முதற்பெயர், குடும்பப் பெயர். நான் என் பெயரை முதற்பெயர்க் கட்டத்தில் போட்டு, அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டேன், வங்கிக் கணக்கில் இனிஷியலோடு வேறு மாதிரி, கடவுச்சீட்டில் இன்னொரு மாதிரி. ஆடும்வரை ஒரு பிரச்சினையும் இல்லை. காசு எடுக்கப் போன அன்றுதான் மூன்றும் ஒத்துவரவில்லை என்று நிறுத்திவிட்டார்கள். கடவுச்சீட்டில் எந்த வரிசையில் எந்த எழுத்தில் இருக்கிறதோ அப்படியே போடுங்கள். முகவரிக்கு மின்சார பில் கேட்பார்கள், அது அநேகமாக அப்பா பெயரிலோ அம்மம்மா பெயரிலோ இருக்கும், அது உதவாது. உங்கள் பெயரும் முகவரியும் ஆங்கிலத்தில் அச்சிட்ட வங்கிக் கூற்று ஒன்றை முதலே எடுத்து வையுங்கள். காசு போடமுன்பே இந்த அடையாளச் சரிபார்ப்பை முடித்துவிடுவது நல்லது.

கார்ட்டில் காசு போக மறுத்தால் அதிர்ச்சியடைய வேண்டாம். சூதாட்டக் கொடுப்பனவுகளுக்கு கார்ட் வலையமைப்புகளில் 7995 என்று தனிக் குறியீடு உண்டு, வங்கி அதைக் கண்டதும் தடுக்கலாம். திரும்பத் திரும்ப முயலாமல், எது அனுமதி என்று வங்கியிடமே கேளுங்கள்.

கைமுதல்

பாங்க்ரோல் என்று சொல்வதை நான் கைமுதல் என்றுதான் சொல்வேன், கடை வைப்பவன் சொல்வது மாதிரி. போக்கருக்கென்று ஒதுக்கிய காசு, போனால் வீட்டில் ஒருவருக்கும் தெரியாமல் இருக்கக்கூடிய அளவு காசு. நகை அடகு வைத்து வேண்டாம், கடன் வேண்டாம், வெளிநாட்டிலிருந்து அம்மாவின் மருந்துக்கு வந்த காசு வேண்டவே வேண்டாம். சீட்டுக் காசைச் சீட்டில் போடாதீர்கள்.

ஒவ்வொரு கைக்கும் சீட்டைப் பார்க்கமுன்பே இரண்டு பேர் முறைவைத்துக் கட்டாயம் போடும் காசுதான் பிளைண்ட். மிகச் சின்ன மேசையில் சின்ன பிளைண்ட் 1 சதம், பெரிய பிளைண்ட் 2 சதம். இருக்கும்போது நூறு பெரிய பிளைண்ட் கொண்டுபோய் இருப்பது வழக்கம், அதாவது 2 டொலர். இதை ஒரு பை-இன் என்பார்கள். அடுத்தது 2க்கு 5 சதம், பை-இன் 5 டொலர். அதற்கு மேல் 5க்கு 10 சதம், பை-இன் 10 டொலர்.

நான் முதல் தடவை 20 டொலர் போட்டேன். போட்டுவிட்டு நேரே பத்து டொலர் மேசையில் போய் இருந்தேன், ஏனென்றால் இரண்டு சதத்துக்கு ஆடுவது சின்னப்பிள்ளை விளையாட்டு என்று நினைப்பு. இருபதாவது நிமிடமளவில் இரண்டு கிங் வந்தது. எதிராளி ஏஸும் ஏழும் வைத்துக்கொண்டு முழுதையும் தள்ளினான், நானும் தள்ளினேன், ரிவரில் ஏஸ் விழுந்தது. நான் செய்தது சரி. அந்த இடத்தில் கிங் சோடி பத்துக்கு ஏழு தடவை வெல்லும். ஆனால் என்னிடம் இருந்ததே இரண்டு பை-இன், ஒன்று போய்விட்டது, ரோசம் வந்துவிட்டது, மற்றதையும் கால் மணித்தியாலத்தில் கொடுத்துவிட்டு எழும்பினேன்.

ஆகவே விதி: எந்த மேசையில் இருக்கிறீர்களோ அதன் பை-இன் குறைந்தது இருபதாவது உங்கள் கைமுதலில் இருக்கவேண்டும். 2 டொலர் மேசைக்கு 40 டொலர். டொலர் 300 ரூபா என்று வைத்தால் 12,000 ரூபா. ஒரே நேரத்தில் கைமுதலில் 5 வீதத்துக்கு மேல் மேசையில் இருக்கக்கூடாது என்று சொன்னாலும் இதே கணக்குத்தான். கிறிஸ் ஃபெர்குசன் என்ற ஆட்டக்காரர் 2006இல் ஒரு சதமும் போடாமல், இலவசப் போட்டிகளில் தொடங்கி, பத்தாயிரம் டொலர் வரை ஏற்றிக் காட்டுகிறேன் என்று ஆரம்பித்தபோது வைத்துக்கொண்ட விதி அதுதான்: சாதாரண மேசையில் 5 வீதம், பெரிய போட்டிகளில் 2 வீதம். ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தார், செய்தும் காட்டினார். அவர் ஆடிக் காட்டியது மேலே சொன்ன அதே ஃபுல் டில்ட் தளத்தில். அந்தக் கம்பனியின் இயக்குநர்களில் அவரும் ஒருவர். விதியை எடுத்துக்கொள்ளுங்கள், மிச்சத்துக்கு நான் பொறுப்பில்லை.

ஏறுவதற்கு அவசரப்படாதீர்கள். ஐந்து டொலர் மேசைக்கு 100 டொலர் வந்த பிறகு போங்கள், அங்கே போய் 70க்கு இறங்கினால் வெட்கப்படாமல் திரும்பி வாருங்கள். திரும்பி வருவதுதான் கஷ்டம். எந்த மேசையில் இருக்கவேண்டும் என்பதைக் கணக்குத்தான் சொல்லவேண்டும், அன்றைய மனநிலை சொல்லக்கூடாது.

பிளேன்ரீக் கணக்கு

சின்ன மேசையில் ஒருவர் நூறு கைக்கு ஐந்து பெரிய பிளைண்ட் வென்றால் அது நல்ல வேகம். இரண்டு சத மேசையில் அது பத்துச் சதம். ஒரு மேசையில் மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 75 கை ஓடும். அப்படியென்றால் மணித்தியாலத்துக்கு ஏழரைச் சதம், நம்ம காசில் 22 ரூபா. ஒரு பிளேன்ரீக்கும் காணாது. 40 டொலரை 100 டொலராக்க 60 டொலர் வெல்லவேண்டும், அது 3,000 பெரிய பிளைண்ட், இதே வேகத்தில் 60,000 கை, ஒரு மேசையில் 800 மணித்தியாலம். இரண்டு மேசை ஒன்றாக ஆடினால் 400. இதுவும் நீங்கள் வெல்லும் ஆளாக இருந்தால். பெரும்பாலானவர்கள் வெல்வதில்லை, ஏனென்றால் ஒவ்வொரு பொட்டிலும், அதாவது ஒரு கைக்கு மேசையில் சேரும் பந்தயக் காசிலும், தளம் தன் பங்கை எடுத்துவிடும்.

அந்தப் பங்கை ரேக் என்பார்கள், சாதாரணமாக 5 வீதத்தை ஒட்டி இருக்கும். ஒரு டொலர் பொட்டில் ஐந்து சதம் போனால் பெரிதில்லை என்று தோன்றும், ஆனால் உங்கள் மேசையில் அது இரண்டரைப் பெரிய பிளைண்ட். நூறு கைக்கு ஐந்து வெல்வதே நல்ல வேகம் என்று இப்போதுதான் சொன்னேன், ஒரே பொட்டில் அதில் பாதி போய்விடுகிறது. எதிராளியை வெல்வது போதாது, ரேக்கும் போகத்தான் உங்களுக்கு மிச்சம். பெரும்பாலான தளங்களில் ஃப்ளொப் விழாமல் முடிந்த கைக்கு ரேக் இல்லை. சும்மா பார்ப்போமே என்று சில்லறை போட்டு ஃப்ளொப் பார்க்கும் பழக்கம் இரட்டை நட்டம் என்பது இதனால்தான்.

ஏற்ற இறக்கமும் இருக்கிறது. ஆறு பேர் மேசையில் நூறு கைக்கு 90 பெரிய பிளைண்ட் அளவு சிதறல் வருவது சாதாரணம். கை நூறு மடங்கானால் சிதறல் பத்து மடங்காகும், ஆகவே 10,000 கைக்கு அது 900, உங்கள் எதிர்பார்ப்பு வெல்வதோ 500. கணக்குப் போட்டால், நல்ல வேகத்தில் வெல்லும் ஆள்கூட பத்தாயிரம் கை முடிவில் தோல்வியில் இருக்க நாலில் ஒன்றுக்கு மேல் வாய்ப்பு. ஆகவே முதல் மாதம் 15 டொலர் வென்றாலும் நீங்கள் வல்லவர் என்று அர்த்தமில்லை, தோற்றாலும் மோசம் என்று அர்த்தமில்லை. ரியூட்டரியில் பிள்ளைகளுக்கு நிகழ்தகவு படிப்பிக்கும்போது இந்த உதாரணத்தைச் சொல்லத்தான் ஆசை, பெற்றோர் என்ன சொல்வார்கள் என்று விட்டுவிடுகிறேன்.

2003இல் டென்னசியைச் சேர்ந்த கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்காளர் ஒன்லைன் தகுதிப் போட்டி ஒன்றின் வழியாக போக்கர் உலகத் தொடரின் பிரதான போட்டிக்குப் போய், 839 பேரில் முதலாவதாக வந்து 25 இலட்சம் டொலர் வென்றார். அடுத்த வருடம் அதே போட்டிக்கு 2,576 பேர் வந்தார்கள். அவர் கதையைக் கேட்டுத்தான் நானும் வந்தேன், நீங்களும் அப்படியே வந்திருப்பீர்கள். மற்ற 2,575 பேரின் கதையை யாரும் எழுதவில்லை.

மேசையில்

சிப்ஸ் இலவசமாகக் கிடைக்கும் மேசையில் முதலில் ஒரு ஆயிரம் கை ஆடுங்கள். ஆட்டம் படிக்க அது உதவாது, ஏனென்றால் அங்கே ஒருவரும் கையைக் கீழே வைப்பதில்லை, ஆனால் எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது, நேரம் எப்படி ஓடுகிறது, பந்தயத் தொகையை எப்படி மாற்றுவது என்று கை பழகும். இரண்டு சதத்துக்கு பதிலாக இரண்டு டொலர் என்று அமத்திவிட்ட ஆள் எனக்குத் தெரியும். பிறகு ஃப்ரீரோல், நுழைவுக் கட்டணம் இல்லாத போட்டிகள், அதில் சில. அதற்குப் பிறகுதான் காசு மேசை.

எந்தக் கையை ஆடுவது? ஆறு பேர் மேசையில் முதலில் பேசும் இடத்தில் இருந்தால், ஏழுச் சோடியும் அதற்கு மேலும், ஏஸ்-கிங், ஏஸ்-குயின், ஒரே இனத்து ஏஸ்-ஜாக், ஒரே இனத்து கிங்-குயின். அவ்வளவுதான். டீலர் பட்டன் உங்களிடம் இருந்தால், அதாவது ஃப்ளொப்புக்குப் பிறகு கடைசியாகப் பேசும் இடம் உங்களுடையதென்றால், சின்னச் சோடி, ஒரே இனத்து அடுத்தடுத்த சீட்டுகள் என்று கொஞ்சம் அகட்டலாம். ஜாக்-ஒன்பதும் ஒரே இனமாக இருந்தால் அங்கே ஆடலாம், மனம் ஆறட்டும். கடைசியாகப் பேசுபவருக்கு மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று தெரிந்துவிடுகிறது, முந்நூற்றி நாலில் எல்லாரும் கேட்ட பிறகு கேட்பவர் மாதிரி.

ஆடுவதென்றால் ஏற்றி ஆடுங்கள், பெரிய பிளைண்டைப் போல் மூன்று மடங்கு, உங்களுக்கு முன் யாராவது ஏற்றாமல் சும்மா கோல் பண்ணியிருந்தால், அதாவது அதே தொகையை மட்டும் போட்டிருந்தால், ஆளுக்கு ஒன்று கூட்டி. சோடி எதிர்பார்த்து ஏங்காதீர்கள், மறைசீட்டில் சோடி வருவது பதினேழுக்கு ஒன்று, ஏஸ் சோடி 221க்கு ஒன்று. சின்னச் சோடியோடு ஃப்ளொப் பார்த்தால் மூன்றாவது சேருவது எட்டரைக்கு ஒரு தடவை. சேராவிட்டால் வைத்துவிடுங்கள்.

இனிப் பொட் கணக்கு, இது ஒன்று தெரிந்தால் இரண்டு சத மேசையில் பாதிப் பேரைவிட முன்னுக்கு நிற்பீர்கள். டேர்ன் விழுந்துவிட்டது, உங்களிடம் ஒரே இனத்தில் நாலு சீட்டு, இன்னொன்று வந்தால் ஃப்ளஷ். பொட்டில் 60 சதம். எதிராளி 30 போடுகிறார். நீங்கள் 30 போட்டால் மொத்தம் 120, உங்கள் பங்கு அதில் கால்வாசி, ஆகவே நாலு தடவைக்கு ஒரு தடவையாவது வென்றால்தான் கட்டும். அந்த இனத்தில் வெளியே 9 சீட்டு மிச்சம். சுருக்குக் கணக்கு: ஒரு சீட்டு வரவிருந்தால் இரண்டால் பெருக்குங்கள், இரண்டு சீட்டும் வரவிருந்து முழுக் காசும் ஏற்கனவே உள்ளே போயிருந்தால் நாலால். இங்கே 18 வீதம், சரியான கணக்கு 19.6. கால்வாசிக்குக் குறைவு. வைத்துவிடுங்கள். ஃப்ளஷ் வந்தால் அவர் இன்னும் நல்ல தொகை தருவார் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் போடலாம், ஆனால் ‘உறுதியாக’ என்ற சொல்லை நான் ஆசையில் எத்தனையோ தடவை பாவித்திருக்கிறேன்.

பிளஃப்? வேண்டாம். குறைந்தது முதல் சில மாதம் வேண்டாம். பிளஃப் என்பது நல்ல கை இல்லாமலே காசைப் போட்டு எதிராளியைக் கீழே வைக்கச் செய்வது, இரண்டு சத மேசையில் இருப்பவர் ஒரு சோடி கிடைத்தால் வைப்பதே இல்லை, நீங்கள் எவ்வளவு பெரிய கதை சொன்னாலும் செவிடன் காதில் ஊதிய சங்குதான். அதற்கு மறுபக்கம் நல்ல செய்தி: உங்களுக்கு நல்ல கை வந்தால் ஒளித்து வைக்காமல் போடுங்கள், மூன்று சுற்றும் போடுங்கள், அவர் கோல் பண்ணுவார். நானும் ஆரம்பத்தில் பெரிய கை வந்தால் பூனை மாதிரி ஒளிந்திருந்தேன், கடைசியில் பொட்டில் பதினாலு சதம்தான் இருக்கும். அதே ஆள் உங்கள் மீது கடைசிச் சுற்றில் திடீரென்று பெரிதாக ஏற்றினால் நம்புங்கள், அவரிடம் இருக்கிறது.

கூட்டாளிமார் சேர்ந்து ஒரே மேசையில் இருக்காதீர்கள். முந்நூற்றி நாலில் பக்கத்து ஆளோடு சேர்ந்து ஆடுவதுதான் ஆட்டமே, இங்கே அது களவு. ஒரே வீட்டு வைஃபையில் இரண்டு கணக்கு ஒரே மேசையில் இருந்தாலே தளம் சந்தேகப்படும், கையைச் சொல்லிக்கொண்டு ஆடினால் இரண்டு பேர் காசும் போகும்.

நேரம் பெரிய விஷயம். மத்திய ஐரோப்பாவில் இரவு எட்டு மணி என்றால் கோடையில் நமக்கு பதினொன்றரை. ரொறன்ரோவில் இரவு எட்டென்றால் நமக்கு விடிய ஐந்தரை. ஆட்கள் நிறைய இருப்பது, வேலை முடிந்து வந்து சும்மா ஆடுபவர்கள் இருப்பது அந்த நேரங்களில்தான், ஆனால் நித்திரைத் தூக்கத்தில் நீங்கள்தான் அந்த மேசையின் மீனாகிவிடுவீர்கள். போக்கர்காரர் பலவீனமான ஆளை மீன் என்றுதான் சொல்வார்கள், குருநகர்ப் பக்கம் வளர்ந்த எனக்கு அந்தச் சொல் உடனே விளங்கியது. ஒன்றரை மணித்தியாலம், அதற்கு மேல் வேண்டாம். கரண்ட் போகும் வீடென்றால் ரவுட்டருக்கு ஒரு சின்ன பற்றரி வையுங்கள், பெரிய பொட்டின் நடுவில் இணைப்பு அறுந்தால் தளம் காத்திராது.

அன்றைய நட்டம் மூன்று பை-இன், அதாவது ஆறு டொலர், வந்ததும் மூடிவிடுங்கள். விட்டதைப் பிடிக்கிறேன் என்று அதே இரவில் பெரிய மேசைக்குப் போவதுதான் எல்லாருடைய கைமுதலும் அழியும் விதம், என்னுடைய இரண்டாம் தடவை அப்படித்தான் அழிந்தது, அதற்கு வேறு விளக்கம் இல்லை. தளங்களில் நாளுக்கு இவ்வளவுதான் போடலாம் என்று நீங்களே எல்லை வைக்கும் வசதி இருக்கும், மனம் நல்லாயிருக்கும்போதே அதை வைத்துவிடுங்கள். விளையாட்டு நித்திரையைக் கெடுக்கிறது, வீட்டில் பொய் சொல்ல வைக்கிறது, கடன் கேட்க வைக்கிறது என்றால், தளத்தில் உங்களை நீங்களே தடைசெய்யும் வசதியைப் பாவித்து நிறுத்துங்கள். 1926க்கு அடித்தால் தேசிய மனநல நிறுவகத்தில் கதைக்கலாம், தமிழிலும் கதைப்பார்கள்.

கொப்பி

ஒரு சீஆர் கொப்பி வாங்குங்கள். திகதி, எத்தனை மணிக்கு இருந்தேன், எத்தனை கை, கொண்டுபோனது, கொண்டுவந்தது, மனநிலை. கடைசிப் பத்தியைச் சிரிப்பாக நினைக்க வேண்டாம், என் கொப்பியில் ‘அதிபரோடு சண்டை’ என்று எழுதிய நாட்கள் எல்லாம் நட்டம். ஆட்ட வரலாற்றைத் தளமே சேமித்துத் தரும், அதில் கிழமைக்கு மூன்று பெரிய பொட்டை எடுத்து, இரண்டு தோற்றது, ஒன்று வென்றது, ஆறுதலாக இருந்து பாருங்கள். வென்றதையும் பார்க்கச் சொல்வது ஏனென்றால், பிழையாக ஆடி வென்ற கைதான் மறுபடி மறுபடி அந்தப் பிழையைச் செய்ய வைக்கும்.

முதல் மாதம் முடிந்ததும், வென்றிருந்தாலும் தோற்றிருந்தாலும், தளம் அனுமதிக்கும் மிகச் சின்னத் தொகையை எடுத்துப் பாருங்கள், 10 டொலரோ என்னவோ. காசு கையில் வந்தால்தான் தளம் தருகிறது என்று தெரியும், பெயர் வரிசை, முகவரி, வங்கி என்று எங்கே தடக்குகிறதோ அது சின்னத் தொகையிலேயே வெளியே வரும். எனக்குப் பதினொரு நாள் எடுத்தது. அந்தப் பத்து டொலர் ரூபாவாகி வந்தபோது கட்டணம் போக இரண்டாயிரத்து எழுநூறு சொச்சம். அதில் வாசிகசாலைத் திண்ணை ஆட்களுக்கு ரோல்ஸும் பிளேன்ரீயும் வாங்கிக் கொடுத்தேன். எத்தனை மணித்தியாலத்து உழைப்பு என்று கேட்டார்கள், கொப்பியை எடுத்துக் காட்டினேன், மூத்த அண்ணை ஒருவர் பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டு, ‘சரி சரி, சீட்டைக் கலை’ என்றார்.